குருதி வழியும் வினை வழியும்

ஒரு குடும்பத்தில் பாட்டனுக்கு மூக்கிலிருந்து அடிக்கடி குருதி ஒழுகியது. அவர் மகளுக்கும் ஒழுகியது. அம்மகள் பெற்ற மைந்தனுக்கும் ஒழுகுகிறது. இதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் விடை ஒன்றே. "முற்பிறப்பில் செய்த வினை" என்பர். தாராவியின் சந்துகளிலும், மாட்டுங்கா, செம்பூர் முதலிய இடங்களிலும் வாழும் தமிழ் மக்களிடையே இவ்விடை இன்னும் வழக்கொழியவில்லை. தம்மத்தைத் தழுவியோர் இல்லங்களிலுங்கூட, நோய் வந்த நாளில் இச்சொல் தானே நாவில் வந்துவிடுகிறது. ஆகையால் பரம்பரையாக வரும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தை அறிவியல் எங்ஙனம் விளக்குகிறது, பகவன் புத்தரின் போதனை அதனை எங்ஙனம் நோக்கச் சொல்கிறது, அந்நோயுள்ள குடும்பத்தார்க்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் உரிய கடமை யாது என்பவற்றை ஆராய்வோம்.

நோயின் இயல்பு

இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்பவை தமனிகள். திரும்பக் கொண்டுவருபவை சிரைகள். இவ்விரண்டிற்கும் இடையே மயிரினும் நுண்ணிய குழாய்கள் வலைபோற் பரந்துள்ளன. தமனியில் விசையோடு வரும் குருதி இவ்வலையுட் புகுந்து விசை தணிந்து, உயிர்வளியை உடலுறுப்புகளுக்கு அளித்துவிட்டு, மெல்லச் சிரையை அடைகிறது. சிலருக்கு உடலின் சில இடங்களில் இவ்வலை அமைவதில்லை. தமனி நேரே சிரையோடு இணைந்துவிடுகிறது. மெல்லிய சுவருடைய சிரை, தமனியின் விசையைத் தாங்க மாட்டாமற் புடைக்கிறது. சிறு உராய்விலும் உடைந்து குருதி கசிகிறது.

இத்தகைய பிறழ்ச்சி குடும்ப வழியாக இறங்கி வரும் நோய்களுள் நன்கு அறியப்பட்ட ஒன்றுக்கு ஆஸ்லர்-வெபர்-ரெண்டு நோய் என்று பெயர். பரம்பரைக் குருதிப்போக்கு என்று நாம் எளிதாகக் கூறலாம். பிரெஞ்சு மருத்துவரான ரெண்டு 1896ஆம் ஆண்டில், குருதி உறையாமையால் வரும் ஹீமோபிலியா நோயினின்று இது வேறானது என்று காட்டினார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் 1901இலும், இலண்டனைச் சார்ந்த பார்க்ஸ் வெபர் 1907இலும் இதன் குறிகளைத் தொகுத்துரைத்தனர். உலகில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பது மருத்துவர்களின் பொதுவான மதிப்பீடு.

இந்நோயினருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர்க்கு மூக்கில் குருதி வடிதல் உண்டு. பெரும்பாலும் இளமையிலேயே அது தொடங்கும். வயது ஏற ஏற உதட்டிலும், நாவிலும், விரல் நுனியிலும் சிறு செம்புள்ளிகள் தோன்றும். அவற்றை அழுத்தினால் நிறம் மங்கும், விட்டால் மீளும். கண்ணுக்குப் புலனாகாத இடங்களில், அதாவது நுரையீரலிலும் ஈரலிலும் மூளையிலும், பெரிய பிறழ்ச்சிகள் மறைந்திருக்கக்கூடும். இவற்றுள் நுரையீரலில் உள்ளது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. நுரையீரலின் நுண்குழாய் வலை ஒரு சல்லடை போன்றது. சிறு குருதிக்கட்டிகளையும் கிருமிகளையும் அது தடுத்து நிறுத்துகிறது. அவ்வலையில் நேர்வழி ஒன்று ஏற்பட்டுவிட்டால், அவை தடையின்றிக் கடந்து மூளையை அடைந்து, பக்கவாதத்தையோ மூளைச் சீழ்க்கட்டியையோ விளைவிக்கின்றன.

நம் மக்களிடையே இந்நோய் அறியப்படாமற் போவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. மூக்கில் குருதி வந்தால், "சில்லுமூக்கு உடைந்தது, உடம்பில் சூடு மிகுந்தது" என்று சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். மே மாதத்து மும்பை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வாழ்வோர்க்கு அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றும். மற்றொன்று, குருதிச்சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர்கள். ஒரு பெண் வெளிறி, களைத்து, மூச்சு வாங்கி நின்றால், "ஏன்?" என்று கேட்பாரில்லை. எல்லார்க்கும் உள்ளதுதானே என்று விட்டுவிடுகின்றனர். ஆண்டுக்கணக்காக மூக்கின் வழியாகவே அவளுடைய குருதி சொட்டுச் சொட்டாகக் கழிந்திருக்கக்கூடும் என்பது எவருடைய எண்ணத்திலும் உதிப்பதில்லை.

மரபணு கூறும் காரணம்

நம் உடலின் ஒவ்வொரு நுண்ணறையிலும் மரபணுக்கள் இரண்டிரண்டு படிகளாக உள்ளன. ஒரு படி தாய் தந்தது. மற்றொரு படி தந்தை தந்தது. குருதிக் குழாய்களின் உட்சுவர் சரிவர அமைவதற்கான செய்தியைப் பெற்று உட்செலுத்தும் சில புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய எண்டோக்ளின் என்பதன் மரபணு 9ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் நேரும் பழுதே இந்நோய்க்குக் காரணம் என்பது 1994இல் கண்டறியப்பட்டது. 12ஆம் குரோமோசோமில் உள்ள மற்றொரு மரபணுவும் இந்நோயைத் தரும் என்பது 1996இல் தெளிவாயிற்று. 18ஆம் குரோமோசோமைச் சார்ந்த மூன்றாவது மரபணுவின் தொடர்பு 2004இல் வெளிப்பட்டது.

இரண்டு படிகளில் ஒன்று பழுதுற்றாலே இந்நோய்க்கு இடமுண்டாகும். நோயுள்ள தாயோ தந்தையோ ஒவ்வொரு குழந்தைக்கும் தம் இரு படிகளில் ஒன்றைத்தான் தருகின்றனர். அது பழுதுற்ற படியாகவும் இருக்கலாம். நல்ல படியாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பிறப்பிலும் நோய் இறங்குவதற்கான வாய்ப்பு சரிபாதி. ஒரு நாணயத்தைச் சுண்டிப் போடுவது போன்றது. முதற் குழந்தைக்கு வந்ததனால் இரண்டாவது குழந்தைக்கு வாராது என்பதும் இல்லை. வந்தே தீரும் என்பதும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேற்றுமை சிறிதும் இல்லை. நல்ல படியைப் பெற்ற குழந்தையின் வழியில் அக்குடும்பப் பழுது அத்துடன் அற்றுப்போகிறது. பேரனிடம் ஒளிந்து வருவதில்லை. "ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறைக்குத் தாவும்" என்று சொல்வது, இடையில் உள்ளவருக்குக் குறிகள் மெல்லியனவாக இருந்து எவரும் கவனியாமற் போனதன் விளைவே ஆகும். சிற்சிலரிடம் இப்பழுது பெற்றோர் இருவரிடமும் இல்லாமலே புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

மரபணு ஒன்று பழுதுற்ற அளவிலேயே எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. ஒரே பழுதை உடைய தமக்கைக்கு மூக்கில் குருதி வடிவதோடு நிற்க, தம்பிக்கு நுரையீரலில் பெரும் பிறழ்ச்சி காணப்படலாம். உடல் முழுவதும் ஒரே பழுது இருந்தும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில குழாய்கள் மட்டுமே பிறழ்வது ஏன்? எஞ்சியிருந்த நல்ல படியும் அவ்விடத்து நுண்ணறை ஒன்றில் தற்செயலாகக் கெட்டுப்போவது ஒரு காரணம் என்பதைச் செம்புள்ளிகளை ஆராய்ந்தோர் 2019இல் காட்டினர். மூளையின் குருதி நாளங்கள் கொத்துக் கொத்தாகப் புடைக்கும் வேறொரு பரம்பரை நோயிலும் இத்தகைய இரண்டாம் அடி முன்னரே அறியப்பட்டது.

தோன்றுவன யாவும் சார்பினால் தோன்றுகின்றன என்பது ததாகதரின் அடிப்படைப் போதனை. ஒரே காரணத்தினின்று ஒன்றும் விளைவதில்லை. பல சார்புகள் கூடியவிடத்தே விளைகிறது. மணிமேகலைக்கு அறவண அடிகள் உணர்த்திய பன்னிரு சார்பு துன்பத்தின் தோற்றத்தைப் பற்றியது, மரபணுவைப் பற்றியதன்று. மரபணுக் கலையைப் புத்தர் முன்னரே அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவது அறிவுடைமையாகாது. ஆயினும், ஒரு விளைவைக் கண்டால் "யார் குற்றம்?" என்று கேட்பதற்கு முன், "எவ்வெச் சார்புகளால் இது நேர்ந்தது?" என்று கேட்கும் பழக்கத்தை அப்போதனை நமக்கு அளிக்கிறது. அப்பழக்கம் உடையோர்க்கு இந்நோயின் வரலாறு விளங்குவது எளிது.

தாயின் மேல் சுமத்தப்படும் பழி

பிறவியிலேயே முகத்தில் திராட்சைச் சாற்றின் நிறத்தில் பெரிய தழும்புடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. அதுவும் குருதி நுண்குழாய்களின் பிறழ்ச்சியே. "கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், வெற்றிலை கிள்ளினாள்" என்று மாமியார் முதல் அண்டைவீட்டார் வரை தாயின் மேல் பழி சுமத்துவர். அத்தழும்புக்குக் காரணமான மரபணு மாற்றம் 2013இல் கண்டுபிடிக்கப்பட்டது. கருவுற்ற பின்னர், வளர்ந்துவரும் கருவின் ஒரு நுண்ணறையில் தற்செயலாக நிகழும் மாற்றம் அது. அந்த நுண்ணறையின் வழித்தோன்றல்களில் மட்டுமே அது காணப்படும். தாயிடமிருந்தும் வரவில்லை, தந்தையிடமிருந்தும் வரவில்லை, அக்குழந்தையின் வழியாக அதன் மக்களுக்கும் போகப் போவதில்லை. பிறவியிற் கண்டது எல்லாம் பரம்பரையன்று. பரம்பரையில் வந்தது எல்லாம் பிறந்தவுடனே தெரிவதுமன்று.

ஒரு நோய் ஓரிடத்தில் மிகுந்திருப்பதைக் கண்டு, அவ்விடத்து மக்களைத் தாழ்ந்தோர் எனக் கருதுவதும் தவறு. கரீபியக் கடலில் உள்ள குராசோ, பொனேர் என்னும் தீவுகளில் பரம்பரைக் குருதிப்போக்கு நோய் பிற நாடுகளினும் மிகுதி. முன்னோர் சிலரிடம் இருந்த மரபணுப் பழுது, சிறு தீவின் மக்களிடையே தலைமுறை தலைமுறையாகப் பெருகியதே அதற்குக் காரணம். கப்பல் வந்ததும், குடியேற்றம் நிகழ்ந்ததும், மணவுறவு அத்தீவின் எல்லைக்குள் நடந்ததுமாகிய வரலாறே அங்கு நோயாக நிற்கிறது. அம்மக்களின் பாவமன்று.

புத்தரின் விடை

இனித் தம்மத்தின் விடையைக் காண்போம். சீவகன் என்னும் பரிவிராசகன் ஒருவன் பகவரை அணுகி, மனிதன் நுகரும் இன்பதுன்பங்கள் யாவும் முன்செய்த வினையினாலேயே வருவன என்று சில துறவியரும் பார்ப்பனரும் கூறுகின்றனரே, தாங்கள் என்ன கூறுகிறீர்கள் என்று கேட்டான். சம்யுத்த நிகாயத்தில் வரும் செய்தி இது. பகவர் எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார்: பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, பிறரால் நேரும் தாக்குதல், எட்டாவதாக வினையின் பயன். வேதனைகள் இப்பல காரணங்களால் எழுவதை அவரவரே அறியலாம், உலகமும் அறியும். ஆகையால் எல்லாம் பழவினையே என்போர் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் விடையின் கருத்து.

அங்குத்தர நிகாயத்திலும் பகவர் மூன்று கொள்கைகளை மறுத்திருக்கிறார். எல்லாம் முன்வினை என்பது ஒன்று. எல்லாம் இறைவன் படைப்பு என்பது மற்றொன்று. எதற்கும் காரணமே இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றில் எதனைப் பற்றினாலும் மனிதனுக்கு முயற்சியில் ஊக்கம் அற்றுப்போகும், செய்யத்தக்கது இது, தகாதது இது என்னும் தெளிவும் அற்றுப்போகும் என்பதே அவர் காட்டிய குறை.

இவ்விடத்தில் ஒரு தடையை நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மஜ்ஜிம நிகாயத்தில் சுபன் என்னும் இளைஞன் கேட்ட வினாவுக்கு விடையாக, உயிர்களைத் துன்புறுத்தியவன் மறுபிறப்பில் நோயாளியாகப் பிறப்பான் என்னும் செய்தி வருகிறதே என்று சிலர் வினவலாம். ஆம், வருகிறது. இலங்கை, பர்மா முதலிய நாடுகளின் பௌத்தர்களுள் பெரும்பாலோர் அதனை ஏற்பவர்களே. ஆனால் அங்கே பகவர் தம் எதிரே இருந்த இளைஞனுக்குக் கொடுமையினின்று விலகும் வழியைக் காட்டினார். படுக்கையில் கிடக்கும் மற்றொருவனைச் சுட்டி, "இவன் முன்பு கொலைஞனாக இருந்தான்" என்று தீர்ப்புக் கூறும் உரிமையை எவருக்கும் அளிக்கவில்லை. வினையின் பயன் இன்னவாறு விளைந்தது என்று ஊகித்துக் கொண்டிருப்பது சிந்தனைக்கு எட்டாத நான்கனுள் ஒன்று, அதில் இறங்குபவன் சித்தம் கலங்கித் துன்புறுவான் என்றும் அவரே எச்சரித்துள்ளார். எனவே மறுபிறப்பை ஏற்கும் பௌத்தனுக்கும், பிறர் நோய்க்கு வினைக்கணக்கு எழுதும் அதிகாரம் இல்லை.

மேலும், வினை என்பதற்கு அவர் தந்த இலக்கணமே எண்ணம் என்பது. எண்ணி மனத்தாலும் வாக்காலும் உடலாலும் செய்வதே வினை. தந்தையிடமிருந்து மகளுக்குப் பழுதுற்ற மரபணு இறங்கியபோது, அங்கே எவருடைய எண்ணமும் செயற்படவில்லை. தந்தை அதனை அறியவும் இல்லை. தேர்ந்தெடுத்துக் கொடுக்கவும் இல்லை. எண்ணமில்லாத இடத்தில் வினையைத் தேடுவது, விதையில்லாத நிலத்தில் விளைச்சலுக்கு வரி விதிப்பது போலாகும்.

பாபாசாகேப் சுட்டிய முரண்

பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வினாவை நேராகவே எடுத்துக்கொண்டார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், பழவினைக் கொள்கையையும் மரபியலையும் அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். குழந்தை தன் இயல்புகளைப் பெற்றோரிடமிருந்து பெறுகிறது என்கிறது அறிவியல். பழவினைக் கொள்கையோ, உடல் ஒன்றைத் தவிரப் பெற்றோரிடமிருந்து ஒன்றும் வருவதில்லை, தன் நன்மை தீமைகளைத் தானே முற்பிறப்பினின்று கொண்டுவருகிறது என்கிறது. இரண்டும் ஒருங்கே நிற்க இயலாது. ஆன்மாவையே மறுத்த புத்தர், ஆன்மா சுமந்துவரும் பழவினை மூட்டையை எங்ஙனம் ஒப்புக்கொண்டிருக்க முடியும் என்பது அவருடைய வாதம். ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் உள்ள நிலைக்கு அரசும் சமுதாயமும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ளவே அக்கொள்கை பயன்பட்டது என்றும் அவர் கூறினார்.

இவ்விடமே நமக்கு உயிர்நிலை. "நீ இக்குலத்தில் பிறந்தது உன் பழவினை; ஆகவே பொறுத்துக்கொள்" என்றே நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. கிணற்றிலிருந்தும் தெருவிலிருந்தும் கோயிலிலிருந்தும் அவர்கள் விலக்கப்பட்டதற்குக் காட்டிய நியாயம் அது. அந்த நியாயத்தை நாம் 1956க்குப் பின் துறந்தோம். துறந்தவர்கள், நோயுற்ற குழந்தையைக் கண்டவுடன் அதே வாக்கியத்தை மீண்டும் எடுத்துப் பேசலாமா? குலத்திற்குப் பொய்யான கொள்கை குருதிக்கு மட்டும் மெய்யாகுமா? சாதிக்கு ஒவ்வாதென்று வெளித்தள்ளிய பழவினையை நோய்க்கென்று ஒரு மூலையில் வைத்துக் காப்பாற்றினால், அது மெல்ல மெல்ல வீடு முழுவதையும் மீளப் பற்றிக்கொள்ளும்.

இதற்கு மறுதலையான ஆபத்தும் ஒன்றுண்டு. பழவினையை விட்டவர்கள், அதன் ஆசனத்தில் மரபணுவை ஏற்றிவிடக்கூடும். "அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது" என்று ஒரு குடும்பத்தையோ ஒரு சமூகத்தையோ சுட்டிப் பேசுவது, பழைய சாதிப் பேச்சுக்குப் புதிய சட்டை அணிவிப்பதேயாகும். வாசெட்டன் என்னும் இளைஞனிடம் பகவர், புல்லிலும் மரத்திலும் பறவையிலும் விலங்கிலும் பிறப்பினால் அமைந்த இன வேறுபாடு உண்டு, மனிதரிடையே அத்தகைய வேறுபாடு இல்லை என்று உரைத்தார். மரபணு ஆராய்ச்சியும் இதற்கு மாறாக ஒன்றையும் கண்டதில்லை. எண்டோக்ளின் மரபணு பிரபுவின் உடலிலும் தோல் பதனிடுவோன் உடலிலும் ஒரே 9ஆம் குரோமோசோமிலேதான் இருக்கிறது. பழுதடையும்போதும் அது குலம் கேட்டுப் பழுதடைவதில்லை.

நம் நகரத்தின் பெயரையே தாங்கிய ஒரு சான்றும் உண்டு. 1952இல் அன்றைய பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியோரும் புதியதொரு குருதி வகையை உலகுக்கு அறிவித்தனர். உலக மருத்துவ நூல்கள் அதனை இன்றும் பம்பாய் வகை என்றே குறிக்கின்றன. வழக்கமான சோதனையில் ஓ வகை போலத் தோன்றும். ஆனால் ஓ வகைக் குருதியைச் செலுத்தினால் உயிருக்கே தீங்காகும். தம் வகையினரின் குருதி ஒன்றே அவர்களுக்குப் பொருந்தும். மும்பையில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவர் இவ்வகையினர் என்பது வழக்கமான கணக்கு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறுபட்ட படி வந்து கூடினாலன்றி இது தோன்றாது. ஆதலால் இது பரம்பரைக் குருதிப்போக்கினின்று வேறான வழியில் இறங்குவது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தில், இத்தகைய மறைந்த படிகள் ஒன்றுகூடும் வாய்ப்பு மிகும். பரம்பரைக் குருதிப்போக்கிற்கோ ஒரு படி பழுதுபட்டாலே போதும். உறவில் மணந்தாலும் புறத்தே மணந்தாலும், ஒருவரிடம் மட்டும் அப்பழுது இருக்குமாயின் அது இறங்கும் வாய்ப்பு பாதியே. பம்பாய் வகையினரை எவரும் பாவிகள் என்பதில்லை. அவர்களுக்கு ஏற்ற குருதி கொடுப்போரின் பெயர்ப் பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்வதே அறிவு என்று எல்லாரும் கருதுகின்றனர். குருதியில் வரும் பிற பரம்பரை நிலைகளையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

அறிந்தபின் வரும் கடமை

குருதி வழியாக வந்ததில் வினை இல்லை என்றோம். அப்படியாயின் இந்நோயில் வினைக்கு இடமே இல்லையா? உண்டு. நோய் இன்னதென்று அறிந்த கணத்திலிருந்து வினை தொடங்குகிறது. அறிந்தபின் பேசுவதும் மறைப்பதும், மருந்து கொடுப்பதும் கொடாமையும், எண்ணத்தோடு கூடிய செயல்கள்.

முதற்கடமை, உற்றாருக்கு உரைத்தல். ஒருவருக்கு இந்நோய் உறுதியாயின் அவருடைய உடன்பிறந்தாருக்கும் மக்களுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. நுரையீரலில் மறைந்துள்ள பிறழ்ச்சியை உரிய சோதனையால் கண்டுபிடித்து, தொடையின் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு கம்பிச்சுருளால் அடைத்துவிடலாம். அவ்வாறு அடைக்காத பெண் கருவுற்றால் நுரையீரலில் குருதிப்பெருக்கு ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். அத்தகையோர் பல் பிடுங்குவதற்கு முன் கிருமிக்கொல்லி மருந்து உட்கொள்ள வேண்டும் என்பதும் மருத்துவர் விதி. இவற்றை அறியாத தங்கை, அண்ணனின் மௌனத்தால் மாண்டாள் என்றால், அங்கே பொறுப்பு மரபணுவோடு நின்றுவிடுமா?

ஆனால் மறைப்போர் கொடியவர்களாய் மறைப்பதில்லை. மகளுக்குத் திருமணம் தடைப்படுமே என்னும் அச்சமே வாயைக் கட்டுகிறது. அவ்வச்சத்தை உண்டாக்குபவர்கள் நாமே. மகனின் மூக்கில் குருதி வந்தால் சூடு என்கிறோம். மகளின் மூக்கில் வந்தால் குறை என்கிறோம். மருமகள் நோயைக் கேட்டுக் கேட்டு ஆராயும் வீடு, தன் மகனின் நோயைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆணும் பெண்ணும் சரிபாதி வாய்ப்போடு கடத்தும் ஒன்றில், பழி மட்டும் ஒருபுறமே விழுவது நீதியன்று. ஆகவே உண்மை பேசுக என்று நோயாளிக்கு மட்டும் உபதேசித்தல் போதாது. உண்மையைக் கேட்டு மணம் முறியாத சமூகமாக நாம் ஆதல் வேண்டும். வாய்மையின் சுமையில் பாதியைக் கேட்போரும் ஏற்றாலன்றி, அச்சீலம் எளியோர் முதுகில் மட்டும் ஏற்றிய மூட்டையாகிவிடும்.

இன்னுஞ் சிலர், நோயுடையோர் மணஞ்செய்யாதிருப்பதே நன்று எனக் கூறுவர். இக்கூற்று எங்கே கொண்டுபோய்விடும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல் தகுதியற்றோர் எனக் குறிக்கப்பட்டோர்க்குக் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. ஜெர்மனியில் 1933இல் நாஜி அரசு பரம்பரை நோய் தடுக்கும் சட்டம் என்ற பெயரில் அதனையே பேரளவில் செய்தது. மக்களை உயர்ந்த குருதி, தாழ்ந்த குருதி எனப் பிரிக்கும் நினைப்பின் முடிவு அதுவே. மகப்பேறு பற்றிய முடிவு, உண்மையை முழுதும் அறிந்த கணவன் மனைவியருடையது. அறிவுரை கூற மருத்துவர் உண்டு. ஆணையிட எவரும் இல்லை. கண்காணிப்பும் சிகிச்சையும் பெறும் இந்நோயினருள் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாங்கடமை, சிகிச்சை. மூக்கின் உட்புறத்தை உப்பு நீரால் ஈரமாக வைத்திருத்தல் எளிய முதல் உதவி; ஏழையின் வீட்டிலும் அது இயலும். இழந்த குருதிக்கு இரும்புச்சத்து வேண்டும். குருதிப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை பலருக்குப் பயன்படுகிறது. போமலிடோமைடு என்னும் மருந்து மூக்குக் குருதியைக் கணிசமாகக் குறைத்தது என்று 2024இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது கருவுக்குத் தீங்கு தரும் இனத்தைச் சேர்ந்ததாதலின் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. மரபணுவை மாற்றும் சிகிச்சை இந்நோய்க்கு இன்னும் வரவில்லை. ஆயினும் செய்யக்கூடியவை இத்துணை இருக்கின்றன. எல்லாம் வினை என்றிருப்பவன் இவற்றுள் ஒன்றையும் செய்யான். பகவர் அக்கொள்கையில் கண்ட குறையும் இதுவே.

மூன்றாங்கடமை, பேணுதல். வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே கிடந்தபோது, அவரால் தமக்குப் பயனில்லை என்று மற்றைப் பிக்குகள் பாராமல் விட்டிருந்தனர். பகவர் ஆனந்தரோடு சென்று, தம் கையாலேயே நீர் வார்த்துக் கழுவிக் கட்டிலில் கிடத்தினார். பின்னர்ப் பிக்குகளை அழைத்து, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்று பணித்தார். அந்த நோய் எவ்வினையால் வந்தது என்று அவர் கேட்கவில்லை. வடிவில் குறுகியவராய் இருந்த லகுண்டக பத்தியரைப் பிக்குகள் இழிவாக நோக்கியபோதும், அவருடைய உடலின் காரணத்தை ஆராயாது, அவர் அடைந்த உயர்நிலையையே அவர்களுக்குச் சுட்டிக்காட்டினார். முகத்தில் தழும்புடைய குழந்தையையும், உதட்டில் செம்புள்ளியுடைய பெண்ணையும் நாம் நோக்கவேண்டிய முறை அதுவே.

ஆகவே அன்பர்களே, நம் சுற்றத்தில் எவருக்கேனும் மூக்கில் அடிக்கடி குருதி வருமாயின், அவர் தாய் தந்தையர்க்கும் உடன்பிறந்தார்க்கும் அவ்வாறு உண்டா என்று கேளுங்கள். உண்டெனில், சூடு என்றும் வினை என்றும் சொல்லி நாளைப் போக்காமல், நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தார் அனைவருடைய செய்தியையும் மருத்துவரிடம் எடுத்துரையுங்கள். அவர் தனியே செல்ல அஞ்சினால் உடன் செல்லுங்கள். பிறப்பில் பெற்ற குருதிக்கு எவரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அறிந்த பின் செய்ததற்கும் செய்யாது விட்டதற்கும் நாம் ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.